வியன்னாவில் சிரிக்கிறார்கள்

மேடையில் நடந்ததைப் படம்பிடித்து வீட்டுக்கென்று வெளியிடும் டிவிடிகளில் பாட்டுக்கு முன்னால் கூட்டம் வந்துவிடுகிறது. இருமல், செருமல், இருக்கை தேடுகிறவர்களின் முணுமுணுப்பு, வாத்தியங்கள் சுருதி சேர்த்துக்கொள்ளும் கலவரம், இசை நடத்துநர் உள்ளே நுழைந்ததும் எழும் கைதட்டல். அதற்குப் பிறகுதான் திரை விலகும். சேலம் - உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் கேட்கும் சின்னசேலத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இத்தாலிய ஓபரா பார்க்கிறவனுக்கு அந்நியமாகப் படுவது பாடகர்கள் அல்ல, இந்தக் கூட்டம்தான். பாட்டு எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. சிரிப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

நான் சொல்வது வியன்னா அரசு ஓபராவில் 2005இல் பதிவான ‘லெலிசிர் தாமோரே’வை. காதல் மருந்து என்று சொல்லிக்கொள்ளலாம். கயெத்தானோ டொனிசெட்டி இசையமைத்தது. 1832 மே 12 அன்று மிலான் நகரத்தின் கனோபியானா அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. எழுதியவர் ஃபெலிச்சே ரொமானி. கதையை அவர் சொந்தமாக உண்டாக்கவில்லை. முந்தைய ஆண்டு பாரிஸில் வந்த ஒரு பிரெஞ்சு ஓபராவிலிருந்து எடுத்துக்கொண்டார்.

நெமொரினோ ஏழைக் குடியானவன். அதீனா நிலபுலன் உள்ளவள், எழுத்துப் படித்தவள். அறுப்பு வேலைக்கு வந்தவர்கள் மர நிழலில் இளைப்பாற, அவள் திரிஸ்தான் - இசோல்டே கதையை வாசித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மருந்தைக் குடித்ததும் தீராக் காதல் பிறந்துவிடும் கதை. அவள் வாசித்துச் சிரிக்கிறாள், கேட்டுக்கொண்டிருக்கும் அவன் நம்பிவிடுகிறான். பெல்கோரே என்ற பட்டாளத்து சார்ஜென்ட் மாப்பிள்ளை முறுக்கோடு வந்து சேர்கிறான். பின்னாலேயே துல்கமாரா, ஊர் ஊராகப் போய் மருந்து விற்கும் போலி வைத்தியன். இசோல்டேயின் மருந்து கிடைக்குமா என்று நெமொரினோ கேட்கிறான். வைத்தியன் ஒரு குப்பி போர்தோ ஒயினைக் கொடுத்து, வேலை செய்ய ஒரு நாள் ஆகும் என்கிறான். அந்த ஒரு நாளில் தான் அடுத்த ஊருக்குப் போய்விடலாம் என்பது கணக்கு. இரண்டாம் குப்பிக்குக் கையில் காசில்லாததால் நெமொரினோ பட்டாளத்தில் சேரக் கையெழுத்துப் போட்டு முன்பணம் வாங்குகிறான். அதே நேரத்தில் பணக்காரப் பெரியப்பன் ஒருவன் செத்துப்போய்ச் சொத்தெல்லாம் இவனுக்கு வருகிறது. அந்தச் செய்தி இவனுக்குத் தெரிவதற்கு முன்பே ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்துவிட, அவர்கள் இவனை மொய்க்கிறார்கள். மருந்து பிடித்துவிட்டது என்று இவன் நினைக்கிறான்.

அதீனாவைப் பார்க்கும்போது எனக்கு நம் மேடையின் அல்லி நினைவுக்கு வராமல் இல்லை. ஆண் துணை வேண்டாத, ஆளத் தெரிந்த பெண். ஆனால் அல்லியை அர்ஜுனன் அடைவது கண்ணனின் துணையோடு பாம்பு வடிவில் அரண்மனைக்குள் புகுந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டி. கூத்தில் அந்த இடத்துக்குச் சிரிப்பும் விசிலும் பறக்கும். டொனிசெட்டியின் ஊரில் ஏமாறுகிறவன் ஆண். பெண்ணின் சம்மதத்தைப் பெண்ணிடமிருந்தே வாங்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் இத்தாலிக்காரன் பக்கம்தான் நான்.

வீட்டில் பார்ப்பது என்றால் தனியாகப் பார்ப்பது என்கிற வழக்கம் இந்தப் பக்கம் சமீபத்தியது. கிராமபோன் கம்பெனிகள் மேடை நாடகங்களை வரிசைத் தட்டுகளாக வெளியிட்ட காலத்தில் பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையில் தெருவே உட்கார்ந்து கேட்டது. எண்பதுகளில் வீடியோ டெக் வந்தது. டிவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்துத் தெருவில் மேசை போட்டு விடிய விடிய மூன்று படம் ஓட்டுவார்கள். மஞ்சள் நீராட்டுக்கும் ஓட்டினார்கள், காரியத்துக்கும் ஓட்டினார்கள். வடதமிழ்நாட்டில் காரியத்து இரவில் கூத்து வைப்பது பழைய வழக்கம். கர்ண மோட்சம் அதற்கென்றே உள்ளது. இறந்தவரின் வீட்டு வாசலில் கர்ணன் விழுந்து கிடந்து, கொடுத்த புண்ணியத்தையும் கொடுத்துவிட்டு, மோட்சம் போவான். டெக் வந்தபின் அந்த இரவுக்கு பந்துலுவின் ‘கர்ணன்’ கேசட்டைப் போட்டு முடித்துக்கொண்ட வீடுகளும் உண்டு. செலவு குறைவு, விடிவதற்குள் முடிந்தும்விடும். ஆனால் அப்போதும் பார்த்தது தெருதான். அழ வேண்டிய இடத்தில் அழுவதற்குப் பக்கத்தில் ஆள் இருந்தது. இன்றைக்குத்தான் ஆளுக்கொரு கைப்பேசி, காதுக்கு இரண்டு திரி.

அதனால் நகைச்சுவைக்கு நேர்ந்த இழப்பு பெரியது. சோகத்தைத் தனியாகப் பார்த்துவிடலாம். தனியாக உட்கார்ந்து சத்தம்போட்டுச் சிரிப்பவனை வீட்டில் உள்ளவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். சிரிப்பு பக்கத்து ஆளிடமிருந்து தொற்றிக்கொள்வது. மேடைப் பதிவு அந்தப் பக்கத்து ஆட்களையும் சேர்த்தே அனுப்புகிறது: இரண்டாயிரம் வியன்னாக்காரர்கள், கூடவே மலிவு டிக்கெட்டில் நின்றுகொண்டே பார்ப்பவர்களுக்கென்று அந்த அரங்கில் உள்ள பகுதியின் ரசிகர்கள். நம் கொட்டகைகளின் தரை டிக்கெட் மாதிரி, கலையை நன்றாக அறிந்தவர்களும் கொஞ்சம் வாய்த்துடுக்கானவர்களும் அங்கேதான். அவர்கள் சிரிக்கும் இடத்தில் நாமும் சிரிக்க முடிந்தால் பதிவு வென்றது என்று அர்த்தம். பல இடங்களில் முடிகிறது. லியோ நூச்சியின் பெல்கோரே மார்பை நிமிர்த்திக்கொண்டு நடக்கும் நடைக்குச் சின்னசேலத்திலும் சிரிப்பு வரும்; அந்த மாதிரி ஆள் எந்த ஊரில் இல்லை?

துல்கமாராவிடம் வரும்போது சிக்கல்.

அவனுடைய முதல் பாட்டு ஓபரா உலகத்தின் மிகச்சிறந்த வியாபாரப் பேச்சு. மூச்சு விடாமல் கொட்ட வேண்டிய வேகச் சொற்கட்டு. வியன்னாவில் அதைப் பாடுபவர் இல்டெப்ரான்டோ தார்காஞ்செலோ. தன் மருந்து பல்வலியைப் போக்கும், எலியையும் மூட்டைப்பூச்சியையும் ஒழிக்கும், முடக்குவாதம், ஆஸ்துமா எல்லாம் தீரும் என்கிறான். எழுபது வயது நோயாளி ஒருவர் இதைச் சாப்பிட்டுப் பத்துப் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா ஆனாராம். கிழவிகளுக்குச் சுருக்கம் போகும், குமரிகளுக்குத் தோல் மினுக்கும். விலையை நூறில் தொடங்கி இறக்கிக்கொண்டே வந்து, தான் இந்த நாட்டில் பிறந்தவன் என்பதால் அதிலும் தள்ளுபடி என்று முடிக்கிறான். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்து, கடைசிவரை விடாமலேயே தாயத்தும் லேகியமும் விற்றுவிட்டுப் போகிறவரை வாரச்சந்தையில் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டுக்கு உரை தேவையில்லை. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளும் தேவையில்லை. குரல் ஏறும் இடமும் இறங்கும் இடமும் அதேதான். விலை சொல்வதற்கு முன் விடும் சின்ன இடைவெளிகூட அதேதான்.

பெரியம்மா ஒருவர் சிறிது நேரம் நின்று பார்த்தார். பாஷை புரியாதது அவருக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. நெமொரினோ குப்பியைத் திறந்து குடித்ததும்தான் கேட்டார்.

“அந்த வைத்தியன் என்னப்பா குடுத்தான் இவனுக்கு?”

“ஒயின், பெரியம்மா.”

“மருந்துன்னு சொல்லி சாராயத்த விக்கறானா?”

“ஆமா.”

“இவனுங்க எதுக்குச் சிரிக்கறானுங்க?”

அவர் கேட்டது மேடையில் இருந்தவர்களை அல்ல. மேடைக்கு இந்தப் பக்கம், இருட்டில், வியன்னாவில் உட்கார்ந்திருந்தவர்களை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல். சின்னசேலத்திலிருந்து பேருந்தில் அரைமணித் தொலைவு. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் உள்ள இடம். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள், பெண்களும் உண்டு. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பந்தல் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சி மருத்துவமனையிலிருந்து சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆட்களைக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. இதற்கு ஓராண்டு முன்புதான், 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே வகையில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள்.

கள்ளக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்கள் கல்வராயன் மலையைக் கைகாட்டுகிறார்கள். மலையில் சாராயம் காய்ச்சுவது உண்மைதான். வெல்லமும் பட்டையும் போட்ட ஊறலைப் போலீஸ் கவிழ்த்து ஊற்றும் படம் செய்தித்தாளில் அடிக்கடி வரும். ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மலை ஊறலில் வடித்தது இல்லை. தொழிற்சாலைகளுக்கான மெத்தனால், சமவெளியில் கைமாறி வந்தது. மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் தினையும் சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவர்கள். அடிவாரத்தில் எது நடந்தாலும் சோதனைக்கு முதலில் ஜீப் ஏறுவது அவர்கள் ஊருக்குத்தான். இந்தியாவில் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்து பார்த்ததும் இங்கிருந்து அதிக தூரமில்லாத இடத்தில்தான். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். எண்பத்தேழு வருஷம் கழித்து, அரசே கடை நடத்தும் மாநிலத்தில், கடையில் வாங்கக் காசு போதாதவர்கள் பாக்கெட்டைத் தேடிப் போனார்கள். நெமொரினோவும் கையில் இருந்த கடைசிக் காசைத்தான் கொடுக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெத்தனால் உடம்புக்குள் போனதும் கல்லீரலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. கொல்வதும் கண்ணைப் பறிப்பதும் அந்த அமிலம்தான். அப்படி மாறாமல் தடுக்க ஃபோமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் எத்தனாலைக் கொடுக்கிறார்கள், ஒயினில் இருக்கும் அதே எத்தனாலை. மெத்தனாலை விஷமாக்கும் நொதி எத்தனாலைக் கண்டால் அதன் பின்னால் போய்விடும். அந்த நேரத்துக்குள் மெத்தனாலை வெளியேற்றலாம். ஆக 1832இன் போலி வைத்தியன் விற்ற சரக்கு 2024இன் மருத்துவமனையில் முறிவு மருந்துக்குச் சமம். எவ்வளவு யோக்கியமான திருடன் துல்கமாரா!

வியன்னாக்காரர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. குப்பியில் இருப்பது நல்ல ஒயின், இதைக் குடித்து யாரும் சாகமாட்டார்கள் என்று டொனிசெட்டி தன் இசையால் முன்கூட்டியே உறுதி கொடுத்துவிடுகிறார். குப்பியைத் திறக்கும் இடத்தில் வயலின்கள் துள்ளுகின்றன. அந்த உறுதியை நம்பியவர்கள் சிரிக்கிறார்கள். நாமும் நம்பலாம், கதைக்குள் இருக்கும்வரை. கூட்டத்தின் சிரிப்பு வரும்போதுதான் கதையிலிருந்து வெளியே வந்து விழுகிறோம். அது அந்த இரவில், அந்த ஊரில், பாதுகாப்பாக இருப்பவர்களின் சிரிப்பு. கூட்டம் இல்லாத பதிவாக இருந்திருந்தால் பெரியம்மா வேறு ஏதாவது கேட்டிருப்பார்.

கூட்டம் இல்லாமலும் ஓபராவைப் படமாக்கியிருக்கிறார்கள். ஃபிராங்கோ செஃபிரெல்லி 1982இல் எடுத்த ‘லா திராவியாத்தா’ முழுக்க சினிமா. தெரசா ஸ்ட்ராடாசும் பிளாசிதோ தொமிங்கோவும் மாளிகைக்குள் நடமாடிப் பாடுவார்கள். அதற்கு முன்பே, அவர் மேடையேற்றிய ‘லா போஎம்’ கரயான் இசை நடத்த 1965இல் படமாயிற்று. மிரெல்லா ஃபிரெனியின் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் அதுவரை எந்த ரசிகரும் போயிருக்க முடியாது. நமக்கும் இது புதிதல்ல. எம்.கே. தியாகராஜ பாகவதர் மேடையில் நடித்துவந்த ‘பவளக்கொடி’யைத்தான் 1934இல் கே. சுப்ரமணியம் ஐம்பது பாட்டுகளோடு படமாக எடுத்தார். இதற்கு மாறான வழி, நடக்கிறபோதே கூட்டத்தோடு சேர்த்துப் பிடிப்பது. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா 1977 மார்ச் 15 அன்று பவரோத்தியும் ரெனாத்தா ஸ்கோத்தோவும் பாடிய ‘லா போஎம்’மை நேரலையாகத் தொலைக்காட்சியில் காட்டியதிலிருந்து வீட்டுக்கு வரும் ஓபராவில் இந்த வழியே பெருவழி ஆகிவிட்டது. செலவு மிச்சம் என்பது ஒரு காரணம். மேடையில் பாடுகிறவர்களுக்கு எதிரில் ஆள் வேண்டும் என்பது இன்னொன்று.

இந்தப் பெருவழியில் ஒரு முரண்பாடு உண்டு. காது கூட்டத்தின் நடுவில் இருக்கிறது. கண்ணோ மேடைமேல், பாடகியின் மூக்குக்கு எதிரில். அரங்கத்தில் ஒரே ஆள் இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. மைக் இல்லாமல் கடைசி மாடம்வரை குரலை எறிவதற்கு வாய் எவ்வளவு திறக்க வேண்டும், கழுத்து நரம்பு எப்படிப் புடைக்கும் என்பதெல்லாம் தூரத்திலிருந்து பார்க்கத் தெரியாது, தெரியவும் கூடாது. கேமரா அதைத்தான் முதலில் காட்டுகிறது. கூத்திலும் இதே கதை. கிரீடமும் புஜகீர்த்தியும் அரிதாரமும் களத்தின் எதிர்க்கோடியில் சாக்கு விரித்துப் படுத்திருப்பவனின் அரைத்தூக்கக் கண்ணுக்காகச் செய்தவை. பக்கத்தில் போனால் காகிதமும் கண்ணாடிச் சில்லும் வியர்வையில் வழியும் சிவப்பும்தான்.

நெமொரினோவின் பெரிய பாட்டு வருமிடத்தில் இந்த நெருக்கம் கதையையே தொட்டுவிடுகிறது. ‘ஊனா ஃபுர்த்திவா லாக்ரிமா’. ஃபசூன் தனியாகத் தொடங்கி வைக்க, அவன் மேடையில் ஒற்றையாக நின்று பாடுகிறான். அதீனாவின் கண்ணில் யாருக்கும் தெரியாமல் துளிர்த்த ஒரு சொட்டுக் கண்ணீரைத் தான் பார்த்துவிட்டதாகச் சொல்கிறான். அரங்கத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை. முதல் வரிசையில் இருப்பவருக்கும் தெரியாது. அவன் சொல்லி நாம் நம்புகிறோம், பாட்டே அந்த நம்பிக்கையின்மேல் நிற்கிறது. கேமரா இருக்கும்போது அந்தக் கண்ணீரை முன்கூட்டியே பெரிதாகக் காட்டிவிடும் ஆசை வரத்தானே செய்யும்? காட்டினால் ஓபராவின் மிக அழகான இடம் ஏற்கெனவே தெரிந்த செய்தியைத் திரும்பச் சொல்வதாகப் போய்விடும். காட்டாமல் விடுகிற இயக்குநருக்கு என் வணக்கம்.

காட்டியே தீர வேண்டும் என்கிற கேமராக்களை நம் மாவட்டம் நன்றாக அறியும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரைப் பௌர்ணமிக்கும் திருநங்கைகள் கூத்தாண்டவரான அரவான் முன் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலியானபின் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலைக்கு மாறி ஒப்பாரி வைக்கிறார்கள். ஒரே இரவின் காதலும் கைம்மையும். எந்த இத்தாலியரும் இதைவிடத் தீவிரமான கதையை இசையமைத்துவிடவில்லை. அங்கே அழுகிற முகத்துக்கு ஒரு முழத்தில் லென்ஸ் நிற்கிறது. அழுகையின் சத்தம் நிற்கும் முன்பே அடுத்த முகத்துக்குப் போய்விடுகிறது. பக்கத்தில் மாரடித்துக்கொண்டு கூட அழுகிறவர்கள், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள், எல்லாரும் சட்டத்துக்கு வெளியே. வீட்டில் பார்க்கிறவருக்குக் கண்ணீர் மட்டும் கிடைக்கிறது. வியன்னா பதிவில் கூட்டம் மிகுதி என்றால் கூவாகம் பதிவில் கூட்டமே இல்லை.

அந்தப் பாட்டு முடிந்ததும் வியன்னாவில் நடந்தது நம் நாடகக் கொட்டகைகளில் வழக்கமாக நடந்தது: ஒன்ஸ்மோர். தட்டுகிறார்கள், தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கதையில் நெமொரினோவுக்கு அடுத்த வேலை இருக்கிறது, அதீனா உள்ளே காத்திருக்கிறாள். நெமொரினோவாகப் பாடும் ரொலாந்தோ வியசோன் பாத்திரத்தை விடாமல் சமாளித்துப் பார்க்கிறார், பிறகு கூட்டத்துக்கு இணங்கி முழுப் பாட்டையும் இன்னொரு முறை பாடுகிறார். டிவிடியில் அதை வெட்டவில்லை. ரிமோட்டை அழுத்தினால் நூறு முறை திரும்பக் கேட்கக்கூடிய பாட்டைப் பாடகரே இரண்டாம் முறை பாடுவது வீட்டுக்காரருக்கு எதற்கு என்று தோன்றலாம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரியும், இரண்டாவது வேறு பாட்டு. முதலாவதை அதீனாவை நினைத்துப் பாடினார், இரண்டாவதை அந்த இரண்டாயிரம் பேருக்குப் பாடுகிறார். சுதந்திரம் அதிகம், வேடத்துக்கு உண்மை குறைவு. எனக்கு முதலாவதுதான் பிடிக்கிறது. ஆனால் இரண்டாவது இல்லாமல் முதலாவதின் அருமை தெரிந்திருக்காது.

இதே ஓபராவில் கூட்டம் கைவிட்ட கதையும் இருக்கிறது. என்ரிக்கோ கருசோ 1901 டிசம்பரில் தன் சொந்த ஊரான நேப்பிள்ஸில் நெமொரினோவாகப் பாடினார். ஊர்க்காரர்கள் எதிர்பார்த்தபடி வரவேற்கவில்லை. இனி இந்த ஊரில் பாடமாட்டேன் என்று சபதம் எடுத்ததாகச் சொல்வார்கள், பிறகு அவர் அங்கே பாடவும் இல்லை. 1920 டிசம்பர் 11 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் அதே வேடத்தில் பாடும்போது தொண்டையிலிருந்து ரத்தம் வந்தது. கைக்குட்டை மாற்றி மாற்றி ஒற்றிக்கொண்டு பாடினார், முதல் அங்கத்தோடு நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆகஸ்டில் இறந்துபோனார். அவருடைய ‘லாக்ரிமா’ இசைத்தட்டில் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. நேப்பிள்ஸின் மௌனமும் புரூக்ளினின் பதற்றமும் எந்தத் தட்டிலும் இல்லை. நம் நாடக மேடையின் எஸ்.ஜி. கிட்டப்பாவும் அப்படித்தான். இருபத்தேழு வயதில், 1933இல் போய்விட்ட மனிதர். கொட்டகையின் கடைசி வரிசைவரை மைக் இல்லாமல் எட்டிய குரல் என்று கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்ததில்லை. நமக்கு மிச்சம் இருப்பது பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குள் அடக்கிப் பாடிய தட்டுகள். ஆள் இல்லாத அறையில் குழாய்க்கு முன்னால் நின்று பாடியவை. அந்தக் குரலின் உச்சியில் ‘ஆகா’ என்று ஒரு குரல் விழுந்திருந்தால் கிட்டப்பா இன்னும் எவ்வளவு நேரம் அங்கேயே நின்றிருப்பார் என்பதைத் தட்டிலிருந்து ஊகிக்கக்கூட முடிவதில்லை.

இப்போது கூத்தும் வீட்டுக்கு வந்துவிட்டது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் முக்காலி போட்ட ஒரே கேமரா இரவு பத்து மணிக்கு ஓடத் தொடங்கி, விடிகிறவரை ஓடுகிறது. பிறகு அப்படியே யூடியூபில் ஏறுகிறது. மேலே ட்யூப்லைட், ஓரத்தில் ஜெனரேட்டர் இரைச்சல், குறுக்கே ஓடும் பிள்ளைகள், நடுவில் எழுந்து போகிற முதுகுகள். அர்ஜுனன் தபசு மரத்தில் பாதி ஏறியிருக்கும்போது கட்டியங்காரன் மைக்கைப் பிடித்து, இன்ன ஊர் இன்னாரின் மகன் இன்னார் இந்த வேடத்தைப் பாராட்டி நூறு ரூபாய் அன்பளிப்பு என்று அறிவிப்பார். அர்ஜுனன் மரத்திலேயே காத்திருப்பான். ஆர்மோனியம் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இப்படிப் பதிவு செய்து வெளியிடும் இளைஞர் ஒருவரிடம், அறிவிப்புகளை வெட்டி எடுக்க வேண்டாம், கூட்டமும் கூத்தில் ஒரு வேடம்தான் என்று நான் கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். வியன்னாவையும் இழுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

“வெட்டறதா? ஏண்ணே, பாதிப் பேரு பாக்கறதே அதுக்குத்தான்,” என்றார். “சிங்கப்பூர்லேர்ந்து போன் பண்றாங்க. எங்கப்பா பேரு எந்த நிமிஷத்துல வருது, கரெக்டா போடுங்கன்னு.”

கைப்பேசியைத் திறந்து காட்டினார். வீடியோவுக்குக் கீழே நேரக் குறிப்பு வரிசையாக இருந்தது. தபசு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதற்கெல்லாம் குறிப்பு இல்லை. எல்லாம் ஆட்களின் பெயர், ஊர், தொகை.